செம்பூர் மெஷினில் அண்ணன் கடைசியாக முடுக்கிய டி-நட்

முருகா, உன் துணை.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, ‘அண்ணன் இருந்தார்’ என்று எழுத என் கை ஒப்பவில்லை. அன்று காலையில்கூட ஆண்டாப் ஹில்லில் எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, “ஏளா, காப்பி வேண்டாம், செம்பூர்ல மெஷினு காத்துக் கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவர். மதியம் போன் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அண்ணன் பிறந்தது பம்பாய்த் தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடோனில் மூட்டை தூக்கியவர். அப்பா நோயில் படுத்துவிட்டதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குர்லாவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். எனக்குக் கலியாணம் செய்து வைத்த பிறகுதான் தமக்கென்று தாராவியில் சிறு பட்டறை போட்டார்.

அங்கே அவர் செய்தது டி-நட். இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் மேசையில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும். அதற்குள் நுழையும், ஆங்கில ‘T’ வடிவ இரும்புத் துண்டு அது. அதில் போல்ட்டை முடுக்கினால்தான் செதுக்க வேண்டிய பொருள் மேசையோடு நிற்கும். பிடி விட்டால் ஓடுகிற கட்டர் அதை வீசி எறிந்துவிடும், ஆளுக்கே ஆபத்து. பழைய மெஷின்களில் காடி தேய்ந்து ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். அதனால் அண்ணன் மெஷின் இருக்கும் இடத்துக்குத் தாமே போய், அரத்தால் ராவி, ஒரு விரலால் தள்ளினால் நட் ஓடும் வரை விடமாட்டார். விபூதி பூசாமல் மெஷினைத் தொட்டதில்லை.

“நம்ம வீட்டு இரும்புக் கதவு இழுத்துப் பிடிக்கு, அதை ராவ ஆளில்ல” என்று மதினி சடைத்துக்கொள்வார்.

“அதுக்கு ஆர்டர் குடு, பாப்போம்” என்பார் அண்ணன்.

செம்பூர்ப் பட்டறையில் அன்று நட்டுகளைப் பொருத்தி, பெரிய இரும்பு வார்ப்பு ஒன்றை மேசையில் வைத்துத் தம் கையாலேயே முடுக்கினாராம். “ஓட்டுங்க” என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே ஸ்டூலில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

மதினி அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், “அவிய வேலைக்குப் போயிருக்காவ” என்றார். தகனம் முடிந்த பிறகும் அதே பேச்சு. சாப்பாடும் இறங்கவில்லை. எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் செம்பூர்ப் பட்டறை முதலாளி வந்தார். “தங்கச்சி, அண்ணாச்சி மேசைல கட்டின ஜாப், அந்த வார்ப்பு, அப்படியே இருக்கு. மெஷின் பந்த், அன்னைக்கிருந்து ஓட்டல. ஸ்பேனர் வைக்க ஒருத்தனுக்கும் மனசு வரல. உங்க வீட்ல யாராச்சும் வந்து கழட்டிக் குடுங்க.”

மதினி உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். “பாத்தியாளா, ஜாப் இன்னும் மெஷின்ல இருக்கு. முடிக்காம எப்படி வருவாவ?”

பதினாறு கழியாமல் மதினி வாசல் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். நானும் சாத்திரத்துக்குப் பயந்தவள்தான். ஆனாலும் அந்த வேலை முடிவதை மதினி தம் கண்ணால் பார்க்கட்டும் என்று, முருகன் படத்தின் முன் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரைக் கூட்டிப் போனேன்.

மெஷின் முன் நின்று, “முதல்ல ஓட்டுங்க” என்றார் மதினி. அங்கே மெஷின் ஓட்டுகிற தம்பி கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார். கட்டர் இரும்பைச் சீவிக்கொண்டே போனது. வார்ப்பு இம்மியும் அசையவில்லை. முடிந்ததும் மதினியே ஸ்பேனரை வாங்கினார். போல்ட் இளகவில்லை. நானும் கை கொடுத்தேன். டக்கென்று விட்டது. காடிக்குள் இருந்த நட்டை ஒரு விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“வேல முடிஞ்சிட்டே... இன்னும் வரலியே” என்று அப்போதுதான் கதறினார். அண்ணன் போய்விட்டார் என்று நானும் அப்போதுதான் நம்பினேன்.

தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த தாராவி அக்கம்பக்கத்தாருக்கும், செம்பூர் முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. அன்று எங்களை மதினி வீடு வரை கொண்டுவந்து விட்ட அந்த மெஷின்காரத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புக் கதவு இழுத்துப் பிடிப்பதைப் பார்த்து, அண்ணனின் அரத்தை எடுத்து ராவினார். இப்போது ஒரு விரலால் தள்ளினாலே திறக்கிறது.

இப்படிக்கு,
தங்கை