பலகை தூக்கிய கால்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மை யூனிட்டில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. 'அசலம்' என்று பெயரில்தான் மலை இருக்கிறதே தவிர, எங்கள் ஊரில் ஏறி இறங்க ஒரு மலை கிடையாது. அந்த ஊரில் நான் மலை சைக்கிள் ஓட்டப் பழகினேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் வேலைக்குப் போவோம். "எல்லாரோடயும் சேந்து போறதா இருந்தா போ, தனியா போறதுன்னா வேலையே வாணாம்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரிடமும் நிமிர்ந்து பேசாத எனக்கு அந்த மூன்று பேரும் அவர்களின் கேலியும்தான் உலகம்.

அந்த வருஷம் சாலையில் இருந்த சிறுபாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். வேறு வழி என்றால் கிராவல் மண் அள்ளிய பழைய பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் மண் தடம்தான். எங்களில் ஒருத்தியிடம் தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் இருந்தது. அவள் அண்ணன் சென்னையிலிருந்து வாங்கிக் கொடுத்தது. சரிவில் எப்படி இறங்குவது என்று அவரிடம் கேட்டு, மற்ற இருவருக்கும் அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். மூவரும் சர்ரென்று இறங்கிவிடுவார்கள். கேட்கக் கூச்சப்பட்ட நான் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவேன். கீழே எனக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் என்னால் தாமதமாகி, நான்கு பேருக்குமே கேட் சாத்தப்பட்டது. "இன்னொரு தபா லேட்டுன்னா நாலு பேரும் அப்பிடியே வூட்டுக்குப் போயிடுங்க" என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் உள்ளே விட்டார்.

அன்று மாலை, "நாளையிலேருந்து நீங்க போங்கக்கா, எனக்காக நிக்க வாணாம்" என்று எங்களில் மூத்தவரான எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர்களோடு போகவில்லை என்றால் என் வேலை அதோடு முடிந்தது.

"நீ வாயத் தொறந்ததே இன்னிக்குத்தான், அதுவும் இதுக்கா?" என்றார் அக்கா. "ஞாயித்துக்கிழம பள்ளத்துக்கு வா."

ஞாயிற்றுக்கிழமை மலை சைக்கிளை என் கையில் கொடுத்தார்கள்.

"சீட்டுல ஒக்காராத, எழுந்து நில்லு!"

"ஒடம்பப் பின்னால தள்ளு!"

"முன் பிரேக்கப் புடிச்ச, குட்டிக்கரணந்தான்!"

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சரிவின் நடுவில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. என் கண் அதன்மேலேயே போகும். சக்கரமும் நேராக அதன்மேலேயே போகும். விழுந்தேன். எழுந்து போனால் மறுபடியும் அதே கல். பள்ளத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "அந்தக் கல்லு ஒன்ன என்னாம்மா பண்ணுச்சி? வுட்டுடேன், பாவம்!" என்றார்.

முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. மலை சைக்கிள்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்டி இப்பிடிக் கட்ட மாதிரி வெறச்சிக்கினு வர? இப்பிடிப் பலகயத் தூக்கினா ஒரு பொம்மயாவது தேறுமா?"

திட்டத்தான் செய்தாள். ஆனால் அது என்னை யோசிக்க வைத்தது. சூளைக்குப் போகாத ஈரப் பொம்மைகளை நீளப் பலகையில் அடுக்கி, தோளில் வைத்து, காய வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. தரை முழுக்க மேடு பள்ளம். இருந்தும் என் பலகையிலிருந்து ஒரு பொம்மைகூட விழுந்ததில்லை. நடக்கும்போது நான் காலைப் பார்ப்பதில்லை, போய்ச் சேர வேண்டிய வாசலைத்தான் பார்ப்பேன். முழங்கால்கள் தாமாகவே தளர்ந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும்.

தோளில் பலகை இருப்பதாக நினைத்துக்கொண்டு பெடலில் எழுந்து நின்றேன். பள்ளத்தின் அந்தப் பக்கம் நின்ற கருவேல மரத்தைப் பார்த்தேன். முழங்காலைத் தளர்த்தினேன். கல் எப்போது போனது என்றே தெரியவில்லை. கீழே வந்ததும் நிறுத்தத் தோன்றாமல், ஆடுகளுக்கு நடுவே புகுந்து, மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் போய் நின்றேன்.

"கல்ல வுட்டுட்டு இப்ப எம் ஆட்டப் புடிச்சிக்கினியா!" என்று அந்த அம்மா கத்த, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சத்தமாக நான் சிரித்து அவர்கள் கேட்டதில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை என் பழைய லேடீஸ் சைக்கிளிலேயே இறங்கினேன். அன்று கேட் திறப்பதற்கு முன்பே நாங்கள் நால்வரும் போய் நின்றோம்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன், கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேச வேண்டும் என்றாலே உடம்பு விறைத்துவிடும். அப்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, தரையைப் பார்ப்பதை விட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். கல்லை எப்போது கடந்தேன் என்று இன்றும் தெரிவதில்லை.