இத்தாலிக்காரனும் மெஸியெத் அக்காவும்

“அசலுக்கும் உங்க துப்பாக்கிக்கும் என்ன வித்தியாசம்?” என்று போனில் யார் கேட்டாலும் அந்த இலையுதிர் காலத்தில் எனக்குப் பதில் தெரியாது. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரியில் மெஸியெத் அக்கா இரும்புத் தகட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பார்.

ஆளுயரத் தகடு அது. நடுவில் கரியால் போட்ட ஒரு வட்டம். சுட்டவுடன் கிட்டே போய், ரவைகள் எங்கெங்கே பட்டிருக்கின்றன என்று பார்ப்பார். பிறகு வாளியில் தூரிகையை முக்கித் தகட்டை வெள்ளையாக்குவார். வட்டம் போடுவார். மறுபடி சுடுவார். அவருடைய காலணியிலும், விரல் நகங்களிலும், தலையில் கட்டியிருக்கும் பூப்போட்ட துணியிலும் சுண்ணாம்பு காய்ந்திருக்கும். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரர், “இன்னிக்கு யார் வீட்டுக்கு வெள்ளையடிச்சே?” என்பார்.

“இத்தாலிக்காரன் வீட்டுக்கு” என்பார் அக்கா.

இத்தாலிக்காரன் ஆள் இல்லை, துப்பாக்கி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கி. பெய்ஷெஹிர் ஏரிக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்து, பிரித்துப் போட்டு, அதே போலச் செய்து விற்பது எங்கள் பிழைப்பு. அசலின் விலைக்கு எங்களுடையதில் ஆறு வாங்கலாம். சரிவில் கொண்டைக்கடலை விதைத்து, அதில் பாதியைக் காட்டுப்பன்றிகளுக்குப் பறிகொடுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். மாதிரிக்காக வைத்திருக்கும் அசலின் விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் சிவப்புக் கம்பளி நூலைப் பல சுற்றாகக் கட்டி, தனி ஆணியில் மாட்டி வைப்பார்கள். தவறிப்போய் யாரும் அதை விற்றுவிடக் கூடாது.

எங்கள் முதலாளி தஹ்சின் உஸ்தாவுக்கு ஒரே சட்டம்தான். அசலைத் திருத்தக் கூடாது. முன்பு அவருடைய அண்ணன் ஒரு ஜெர்மன் மாதிரியில் ‘இது எதுக்கு?’ என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டார். அந்த வருஷம் விற்ற சரக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து உஸ்தா சொல்வது இதுதான்: “அவன் பைத்தியம் புடிச்சு ஒரு பள்ளம் போட்டிருந்தா, நாமளும் அதே பைத்தியம் புடிச்சு அதே பள்ளம் போடணும்.” இத்தாலிக்காரனின், தோளில் பதியும் பின்கட்டைக்கு அடியில் நிஜமாகவே இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன. விரல் பதிய வைக்க என்று நாங்களாகவே முடிவு செய்து, எல்லாக் கட்டைகளிலும் அழகாகச் செதுக்கினோம்.

மெஸியெத் அக்கா முதலில் செதுக்குப் பலகையில் இருந்தவர். கட்டையின் பிடியில் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறும் வேலை. ஊரில் பெண்களுக்கு அந்த வேலைதான். சுட்டுப் பார்க்கும் வேலையில் இருந்த யாக்கூப், பஸ் ஓட்டப் போகிறேன் என்று கொன்யாவுக்குக் கிளம்பியபோது, உஸ்தா பலகைப் பக்கம் திரும்பி, “உங்கப்பா வயல்ல பன்றி சுட்டது நீதானே? தகட்டைச் சுட வராதா?” என்று கேட்டார். தேநீர்க் கடையில் இரண்டு வாரம் இதே பேச்சு. அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. தானே ஒரு இரும்பாணியை அராவி, ஆலிவ் இலை வடிவில் சின்ன முத்திரை செய்துகொண்டார். அவர் சுட்டுத் தேறிய துப்பாக்கியில் குழலுக்கு அடியில் அந்த இலை விழும். இலை விழாத துப்பாக்கி பட்டறையை விட்டு வெளியே போகாது.

அவர் நொட்டாங்கைக்காரி. சாப்பாட்டு மேசையில் எப்போதும் இடது மூலையில்தான் உட்காருவார். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் சூப்பில் அவர் முழங்கை விழும். “இந்த ஊருல இருக்கற கத்தரிக்கோல் எல்லாம் எனக்கு எதிரி” என்பார். துப்பாக்கியை இடது தோளில் வைத்து, வலது கண்ணை மூடி, வாயில் இருக்கும் சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டுச் சுடுவார். முதலில் இத்தாலிக்காரன், பிறகு எங்களுடையது. “வாடா, உன் தம்பி வந்திருக்கான், பாரு” என்று அதனிடம் பேசவும் செய்வார்.

பழைய மாதிரிகளில் வித்தியாசம் என்னவென்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார். “தோட்டா போட்டு மூடறப்போ அசல் ‘டக்’னு நிக்கும். நம்மளது ‘டடக்’னு ரெண்டு தடவை யோசிக்கும். விசை கொஞ்சம் கனம். மரம் ரெண்டும் வால்நட்தான், ஆனா அவன் மரத்துல ரேகை ஆத்து தண்ணி மாதிரி ஓடும். நம்ம மரம் கழுதைத் தோல் கலர்.” இத்தாலிக்காரனைப் பார்த்துச் செய்த புதிய மாதிரிக்கு மட்டும் அவர் சொன்னது வேறு.

“எழுது. வித்தியாசம் ஒண்ணும் இல்ல. எதால செத்தோம்னு பன்றிக்கே தெரியாது.”

“அப்படியே எழுதட்டுமா அக்கா?”

“பன்றிய விட்டுடு. மத்ததை எழுது. தோள்ல வெச்சதும் கண்ணு தானா குழல் மேல போய் உக்காருது. நான் இப்படி ஒண்ணைப் புடிச்சதே இல்ல. காசு போட்டு அசலை வாங்கறவங்களுக்கு இதான் கெடைக்குது போல.”

இணையத்தில் எங்கள் விற்பனைப் பக்கத்தில் அப்படியே எழுதினேன். அந்த மாதிரியின் எல்லாத் துப்பாக்கிகளிலும் இலை விழுந்தது. இஸ்பார்தாவில் கடை வைத்திருக்கும் ஷுக்ரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போனார்.

பன்றி வேட்டை தொடங்கிச் சில நாட்களில் அதே வேன் திரும்பி வந்தது. ஷுக்ருவின் வலது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

“உஸ்தா, இது துப்பாக்கியா, இல்ல மருமகனை அறையற மாமியாரா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். “என் கடைக்கு வர்றவன் எல்லாம் வலது கன்னத்தைப் புடிச்சுக்கிட்டே வர்றான். சுட்டா எல்லாம் இடது பக்கமாப் போகுது. பன்றி நின்னு பார்த்துட்டுப் போகுது.”

அக்கா அவர் வேனிலிருந்தே ஒன்றை எடுத்துச் சுட்டார். ரவைகள் வட்டத்துக்குள் விழுந்தன. ஷுக்ரு அதே துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். தகட்டின் இடது ஓரம் மட்டும் கறுத்தது. உஸ்தா சுட்டார். இடது ஓரம். இதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாகக் குவாரி மேட்டில் கூடிவிட்டார்கள்.

“கட்டம் கீறற பொம்பளையச் சுட விட்டா இப்படித்தான்” என்றது ஒரு குரல்.

“அவ சுட்டது நடுவுல விழுதேப்பா.”

“அதான் சொல்றேன். அவ கைக்கே எல்லாம் தலைகீழ்.”

உஸ்தா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மெஸியெத், நீ கொஞ்ச நாள் பலகைக்கே போயிடு.”

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று குவாரியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். பலகைக்குப் போனவரை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அக்கா தூரிகையை எடுத்துத் தகட்டை வெள்ளையடித்தார். வட்டம் போட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “ஷுக்ரு அண்ணன் கையில இத்தாலிக்காரனைக் குடுங்க” என்றார்.

“அசலை வெளியாள் கையில குடுக்கறதில்ல.”

“என்னைப் பலகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதையும் பார்த்துடுவோம் உஸ்தா.”

உஸ்தா உள்ளே போய் எடுத்து வந்தார். கொடுக்கும்போது அவர் விரல்கள் அதை உடனே விடவில்லை. ஷுக்ரு வீங்கிய கன்னத்தில் கட்டையைப் பதித்து, முகம் சுளித்து, சுட்டார்.

இடது ஓரம்.

மேட்டிலிருந்து “அசலே கோணலா?” என்று யாரோ மெல்லக் கேட்டார். உஸ்தா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்திருந்த சுவர் நகர்ந்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

அக்கா ஷுக்ருவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. இத்தாலிக்காரனை மணல் மூட்டை மேல் கிடத்தி, சிவப்பு நூலை அவிழ்த்து, குழலின் நுனியிலிருந்து கடைசி வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். குழல் நூலோடு நேராகப் போனது. பின்கட்டை நூலை விட்டு இடது பக்கம் விலகி நின்றது. இடது தோளில் வைப்பவரின் கன்னத்துக்கு வழிவிட்டு விலகுவது போல, விரல் கன வளைவு. அதே வளைவு நாங்கள் செய்த அத்தனை கட்டைகளிலும் இருந்தது. அசலைத் தடவியபடி கட்டை செதுக்கும் நகல் இயந்திரம் எதையும் விடாது. திருத்தக் கூடாது என்பதால் நாங்களும் கேட்கவில்லை.

“இதை யாருகிட்ட வாங்கினீங்க உஸ்தா?”

அந்தால்யாவில் ஒரு பல் டாக்டரிடம், பழசாக வாங்கியது. உஸ்தா போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“டாக்டர், நீங்க எந்தக் கையால பல்லு புடுங்குவீங்க?”

“இடது கை. ஏன், வலிக்குதா?”

“துப்பாக்கி?”

“அதுவும் இடதுதான். கட்டையச் சூடான எண்ணெயில ஊற வெச்சு, எனக்குத் தகுந்தாப்பல வளைச்சு வாங்கினேனே. சொல்லலியா?”

“சொல்லல.”

“நீங்க கேக்கல.”

உஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். “சரி, அடியில ரெண்டு பள்ளம் இருக்கே, விரல் வெக்கறதுக்கு...”

“பள்ளமா? அது எங்க நாய் கடிச்சது.”

மேட்டில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை ஒன்று உருண்டு குவாரிக்குள் விழுந்தது. ஷுக்ரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

“என் இலையும் அதுல இருக்கு. நானும் பார்த்திருக்கணும். சின்ன வயசுலேருந்து எந்தத் துப்பாக்கி எடுத்தாலும் கழுத்தைத் திருப்பி, மூச்சைப் புடிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி என்னை வளைச்சுக்குவேன். இது ஒண்ணுதான் என்னை வளைக்கல. அது அசலோட தரம்னு நெனச்சுட்டேன். எனக்குப் பொருந்துதுன்னு தோணவே இல்ல.”

சற்று முன் ‘கட்டம் கீறற பொம்பளை’ என்ற குரலுக்கு உரியவர் கோப்பையைப் பொறுக்க இறங்கினார். உஸ்தா எழுந்தார். “நாளையிலிருந்து ரெண்டு தோள்லயும் சுட்டுத்தான் இலை குத்தணும்” என்றார். “இடது நீ. வலதுக்கு ஒருத்தனைப் புடி. அவனுக்கும் நீயே சொல்லிக் குடு.” பலகையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

திரும்பி வந்த கட்டைகளை எண்ணெயில் காய்ச்சி மறுபக்கம் வளைக்கும் வேலை தொடங்கியது. எண்ணெய்க் கொப்பரைக்குப் பக்கத்தில் அக்கா வந்து நின்றார்.

“கொஞ்சத்தை இப்படியே விடுங்க உஸ்தா.”

“யாரு வாங்குவா?”

“கழுத்தைத் திருப்பிக்கிட்டுச் சுடறவங்க.”

“இதுக்கு அசல் எங்க இருக்கு? அந்த இத்தாலிக் கம்பெனியும் இப்படிச் செய்யலியே. நாம எதைப் பார்த்துச் செய்யறது?”

“என்னைப் பார்த்து” என்றார் அக்கா.

சரக்குக்காகக் காத்திருந்த ஷுக்ரு நடுவில் புகுந்தார். “ஒண்ணை எனக்கு எடுத்து வைங்க. என் மச்சான் நொட்டாங்கை. கல்யாண வீட்டுல அவன் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. காட்டுலயாவது ஒழுங்கா இருக்கட்டும்.”

அந்த மச்சான் ஒரே வாரத்தில் போன் செய்தார். பன்றியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இதைச் செஞ்சது யாரு?” என்று மட்டும் கேட்டார். பிறகு பூர்தூரிலிருந்து ஒரு வனக்காவலர் கேட்டார். தன் மகளுக்காக ஒரு ஆசிரியை கேட்டார். நிறையப் பேர் இல்லை. இன்னும் சில கட்டைகள் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் போனில், “அசலுக்கும் உங்களுதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்பவர்களிடம் நான் இப்போது ஜன்னலைத் திறப்பதில்லை. “நீங்க எந்தக் கைக்காரர்?” என்று முதலில் கேட்கிறேன். சிலர், “என்ன கேட்டீங்க?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்களிடம் அதை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம், அக்காவின் தோளையும் கன்னத்தையும் அளந்து செய்த முதல் கட்டை முடிந்தது. அடியில் பள்ளம் இல்லை. “நாய்க்கு இந்தத் தடவை வேலை இல்ல” என்று உஸ்தா தானே அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். அக்கா விதைத்தோலைத் துப்பிவிட்டு, இடது தோளில் வைத்துச் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தார். தூரிகையை எடுக்கவில்லை. நடு வட்டம் கறுத்த தகட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய இத்தாலிக்காரனை இறக்கி, அதில் மறுபடி கட்டியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்து, பல்லால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தன் துப்பாக்கியின் வளையத்தில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அந்த ஆணியிலேயே அதை மாட்டினார்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் நொட்டாங்கைக்காரர் யாராவது இருந்தால், துப்பாக்கியே தொடாதவராக இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.