சதுப்பில் நடக்காத இரண்டு மைல்

எழுபதுகளில் நான் நில அளவையாளனாக இருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் காவிரி கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தை அளக்கப் போவோம். வெயில் ஏறியதும் திருவண்ணாமலைக்குத் திரும்பி, செங்கம் சாலையில் அலுவலகம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் உட்கார்ந்து, அளந்ததை வரைபடமாக்குவோம்.

அந்த வருஷம் சேறு என்னை முறித்துப் போட்டுவிட்டது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் முழங்கால்வரை இறங்கும். கடைசி வாரம் குளிர்காய்ச்சல் வேறு. ஓர் ஓடைக்கு அப்பால் இரண்டு மைல் பாக்கி இருந்தது. அளவுச் சங்கிலி பிடிக்கும் பாய் எங்கள் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். "வேணாம் சார், உடம்பு ஜாஸ்தி சுடுது" என்றார். திரும்பிவிட்டோம்.

அந்த இரண்டு மைலை வெள்ளைக்காரர் காலத்து வரைபடத்தைப் பார்த்து வரைந்தேன். அதில் அங்கே வெறும் தண்ணீர். நீல மை தடவக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பாய் மேசையருகே வந்து பார்த்தார்.

"இங்க நாம போகவே இல்லியே சார்?"

"பழைய படத்துல இருக்குது பாய்."

"அன்னிக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை தெரிஞ்சுது. சொன்னா நீங்க காய்ச்சலோட நடப்பீங்கன்னு நான்தான் சொல்லல."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி, "போய் பாத்துட்டு வந்துடுங்க. இல்லன்னா நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க விட மாட்டீங்க" என்றாள். அதிகாரி சலித்துக்கொண்டார். "அங்க போயி யாருய்யா பாக்கப் போறாங்க?" ஆனாலும் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பாயும் நானும் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பழைய படம் வரைந்த பிறகு எப்போதோ ஓடை ஒதுங்கிப் போயிருந்தது. நான் நீலம் தடவிய இடத்தில் மண்மேடு, மேட்டில் பதினேழு குடிசைகள். வலை காயப்போட்டுக் கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்.

"எதுக்குய்யா அளக்குறீங்க?"

"படத்துல உங்க ஊரப் போடறதுக்கும்மா."

"இத்தன நாளா போடலியா?"

கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்து அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

ஊருக்கு வந்து பிளேடால் நீலத்தைச் சுரண்டினேன். தாள் மெலிந்து கிழியப் பார்த்தது. பதினேழு கறுப்புச் சதுரங்கள் போட்டேன். அதிகாரி சரியாகப் பார்க்காமலே கையெழுத்திட்டார். எனக்குப் பெருமையெல்லாம் தோன்றவில்லை, இடுப்புதான் வலித்தது. களப்பணி இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பாய் வேறொருவரோடு சதுப்புக்குப் போனார்.