நடுக்கடலில் நின்றுபோன பொட்டு

என் மகள் பசிபிக் கடலில் இறங்கிய நேரம் நான் பரிஸ் நகரத்து லாச்சப்பலில், வேலை செய்யும் தமிழ்க் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். கோடையில் பரிசுக்கும் அவள் இருக்கும் டஹிட்டித் தீவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். இங்கே மாலை ஆறு, அங்கே காலை ஆறு. மணிக்கூட்டைப் பார்த்தால் போதும், பயப்படத் தொடங்கலாம்.

அவள் தாதி. அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஒரு வருட வேலை என்று போனவள், போன இடத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம்தானே? எட்டுக் கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டியில் பெயர் கொடுத்துவிட்டாள். தீவைச் சுற்றிய பவளப்பாறைக்கு உள்ளே பாதி, வெளியே பாதி. வெளியே என்றால் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "அப்பா, நீந்திறது மேலைதானே, ஆழத்தை ஏன் கேக்கிறீங்கள்?" என்றாள். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு நித்திரை போய்விட்டது.

யாழ்ப்பாணத்தான் என்றால் மீன்குஞ்சு மாதிரி நீந்துவான் என்று இங்கே பலருக்கு நினைப்பு. கடலிலிருந்து ஒரு மைல் தூரத்தில் வளர்ந்த நான் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. இவள் நீச்சல் பழகியது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். அதற்கான கடதாசியில் கையெழுத்துப் போட்ட கையை அன்று மாலை நூறு தரம் நொந்துகொண்டேன்.

இரண்டு வருடமாக இதற்கென்றே உடம்பைத் தயார்படுத்தியிருந்தாள். அவள் முதலிலேயே ஒரு விதியைச் சொல்லியிருந்தாள். "காவல் படகை நான் தொட்டால் சரி, போட்டி முடிஞ்சுது. ஒரு விரல் பட்டாலும் காணும்." இது என்ன மனிசத்தன்மை இல்லாத விதி என்று நான் திட்டினேன். அவள் சிரித்தாள்.

நீந்துகிற ஒவ்வொருவரின் இடுப்பிலும் ஒரு மிதவை, அதற்குள் ஒரு கருவி. போனைத் திறந்தால் நீல வரைபடத்தில் பொட்டுப் பொட்டாக ஆட்கள் ஊர்வது தெரியும். மகள் சிவப்புப் பொட்டு. போனைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கு கேட்டவருக்குக் கருணைக்கிழங்கை நிறுத்துக் கொடுத்தேன். மனைவிக்கு ரொய்சி விமான நிலையத்தில் துப்புரவு வேலை, போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கொடுத்து வைத்தவள்.

எட்டு மணிக்குச் சற்று முன் பொட்டு நின்றது. மற்றப் பொட்டுகள் அதைக் கடந்து போயின. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"அண்ணை, பிள்ளை அசையிறாளில்லை," என்றேன் முதலாளியிடம்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனை நம்பி எத்தனையோ பேர் நாடு நாடாக வந்த காலத்தில், வழியில் ஒருவரின் போன் நின்றால் நாங்கள் காத்திருக்கமாட்டோம். தெரிந்த எல்லாரும் தெரிந்த எல்லா நம்பருக்கும் அடிப்போம். அப்படி அடித்துத்தான் என் தம்பி போலந்தில் ஒரு சிறையில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

போட்டிக்காரரின் நம்பர் வரைபடத்தின் கீழேயே இருந்தது. முதலில் நான் அடித்தேன். பார்க்கிறோம், பயப்படவேண்டாம் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள். பயப்படவேண்டாம் என்று சொன்னவர்களை நம்பி நாங்கள் நிறைய இழந்திருக்கிறோம். பிறகு முதலாளி அண்ணை, தான் பிள்ளையின் பெரியப்பா என்று அடித்தார். மிளகாய்த்தூள் வாங்கப் பொண்டிப் புறநகரிலிருந்து வந்த அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். அவர் விஷயம் தெரிந்தவர். எந்த அலுவலகத்திலும் என்ன சொன்னால் அலுவல் நடக்கும் என்பது அவருக்குப் பாடம். "குடும்பத்திலை அவசரம்," என்று பிரெஞ்சில் அழுகிற குரலில் சொன்னார். "பரிசிலையிருந்து கதைக்கிறம். உடனை அவவைப் பிடியுங்கோ."

அது வேலை செய்தது. படகு அனுப்புகிறோம் என்றார்கள். அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து என் போன் அடித்தது. யாரோ ஒருவரின் போனிலிருந்து மகள். மூச்சு வாங்கும் சத்தமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து கேட்டன.

"அப்பாவோ? அப்பாதானோ?"

"ஓம் பிள்ளை, நான்தான். உனக்கு என்ன நடந்தது?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. கருவிதான் பழுது. நான் நிக்காமல் நீந்திக்கொண்டுதான் இருந்தனான்." பிறகு பிரெஞ்சுக்கு மாறினாள். கடைசி ஒரு கிலோமீட்டர்தான் இருந்ததாம். கரை தெரிந்ததாம்.

எனக்குப் படக்கென்று விளங்கியது. "நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"படகிலை."

உடனே கோபம்தான் வந்தது, அவள்மேல். இரண்டு வருடப் பாடு! ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டு நீந்திப் போயிருக்கலாமே, விதி தெரிந்தவள் ஏன் போய்ப் படகைப் பிடித்தாய் என்று கத்தினேன். என் பிழையை அவள் தலையில் போட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருந்தது.

அவள் தமிழிலேயே சொன்னாள்.

"படகிலை வந்தவன், பரிசிலையிருந்து உங்கடை குடும்பம் போன் எடுக்குது, அவசரமாம், மூண்டு பேர் எடுத்திட்டினம் எண்டான். நீங்கள் செத்துப்போட்டீங்கள் எண்டு நினைச்சன் அப்பா. பாய்ஞ்சு பிடிச்சிட்டன்."

அக்காவும் அண்ணையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தராசைப் பிடித்துக்கொண்டு, "இருக்கிறன் பிள்ளை, நான் இருக்கிறன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.