கப்பல் வராத ஊரில் மூன்று மாத அரிசி

மைசூரில் மனிதர்கள் உப்பைப் பொட்டலம் கட்டி வாங்குகிறார்கள். நான் இங்கே மருமகளாக வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது அரண்மனையும் அல்ல, தசராவும் அல்ல, இதுதான். காலையில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனால், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் அன்றைய சாம்பாருக்கு வேண்டிய புளியை மட்டும் உருட்டி வாங்கிக்கொண்டு, கொசுறுக் கறிவேப்பிலைக்கு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் அதே அம்மாள், அதே புளி, அதே சண்டை. நாளைக்கும் இந்தக் கடை இங்கேயே இருக்கும், அதில் புளியும் இருக்கும் என்று இவளிடம் யார் அடித்துச் சொன்னது? எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். ஃபிஜியில், சுவாவிலும் லம்பாசாவிலும் இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு அந்தப் பொறாமை புரியாமல் போகலாம். நீங்கள் கடைத்தெரு உள்ள ஊர்க்காரர்கள். சரக்குக் கப்பலை நம்பிப் பிழைக்கும் சின்னத் தீவுகளில் இருந்தவர்களுக்குப் புரியும்.

என் அப்பா ஃபிஜியில் பிறந்தவர். அவருடைய அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். கரும்பின் சகவாசமே வேண்டாம் என்று அப்பா ஒரு கொப்பரைக் கம்பெனியில் சேர்ந்து, பாலினேசியர்கள் வாழும் ஒரு தீவில் அந்தக் கம்பெனியின் கடையைப் பார்த்துக்கொண்டார். வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்தத் தீவு காணாமல் போய்விடும். அங்கே நாங்கள் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனிக் கப்பல் வரும். வரும் என்பது அட்டவணையில் எழுதியிருப்பது. துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்கும்; பாறை இடுக்கு வழியாகத் துடுப்புப் படகுகள் போய் மாவும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் டின் பாலும் இறக்கி வரும், கொப்பரை மூட்டைகளை ஏற்றிப் போகும். தென்னைமேல் இருக்கிற எவனாவது முதலில் புகையைப் பார்த்து "செயில் ஓ!" என்று கத்துவான். அந்தக் கத்தலைத் தீவிலுள்ள ஒவ்வொரு வாயும் வாங்கிக் கத்தும். பிரசவ வலியில் கிடந்த ஒருத்தி கத்தியதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒரு தடவை கப்பல் வந்தும் வரவில்லை. சொன்ன நாளைத் தாண்டி வெகுநாள் கழித்து வந்தது. வந்த அன்று பாறைமேல் அலை வீட்டு உயரத்துக்கு எழும்பியது. அம்மாவுக்கு அப்போது பால் வற்றிப் போயிருந்தது. தம்பி கைக்குழந்தை. கடையில் டின் பால் தீர்ந்துபோய், இளநீரும் கூவைக் கிழங்குக் கஞ்சியும் கொடுத்து அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கப்பல் பகல் முழுக்க எங்கள் எதிரே நின்றது. அதன் சமையற்காரன் காய்கறித் தோலைக் கடலில் கொட்டுவதுகூடக் கரையிலிருந்து தெரிந்தது. படகு இறக்க முடியவில்லை. சாயங்காலம் கப்டன் ஊதலை ஊதிவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விட்டான். அவனுக்கு அட்டவணை முக்கியம். அடுத்த முறை கடல் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. சொன்ன நாளில் வந்தான், டின் பாலைக் குறையில்லாமல் இறக்கினான். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் அடுக்கினார். குடிக்கத் தம்பி இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு டின் பாதியானால் அது காலி என்று அர்த்தம். அம்மா அப்படித்தான் என்னை வளர்த்தாள். கையில் எப்போதும் மூன்று மாதத்துக்கு இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தீவில் சேர்த்து வைப்பது ஒளித்து வைப்பது அல்ல. கப்பல் தாமதமானால் ஊர்த் தலைவர் கடை வாசலில் பாய் விரித்து உட்காருவார். அப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பார். பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் உட்காருவார்கள். எத்தனை வாயோ அத்தனை அளவு. தலைவர் வீட்டு வாய்க்கும் மீன் கழுவுகிறவள் வாய்க்கும் ஒரே அளவு. எங்கள் வீட்டுப் பாத்திரம் கடைசியில் இருக்கும். இதைத் தர்மம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. மழை பெய்தால் குடிசைக்குள் போவது மாதிரி, கப்பல் வராவிட்டால் இதைச் செய்வார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோது அப்பா தீவு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். அந்த மக்களுக்கு எதற்கென்று தெரியாது, இருந்தாலும் தின்றார்கள். தன் பேரப்பிள்ளைகள் சுதந்திர நாட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். எங்கெங்கோ விசாரித்து, மைசூர் மண்டி மொஹல்லாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் என்னைக் கொடுத்தார். மாப்பிள்ளை சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நல்லவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். கப்பல் மாறிக் கப்பல் ஏறிக் கொழும்பு வழியாக நான் வந்து சேர்ந்தபோது, இங்கே அரிசிக்கும் ராகிக்கும் ரேஷன்.

ரேஷன் என்றதும் எனக்குக் கப்பல் அட்டவணைதான் ஞாபகம் வந்தது. முதல் வாரமே கடைக்காரரிடம் போய், சரக்கு அடுத்து எப்போது வரும் என்று கேட்டேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நாளே பன்னி" என்றார். நாளைக்கு வாருங்கள் என்று கன்னடம். நானும் மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன். கடை பூட்டியிருந்தது. அடுத்த நாளும் போனேன். எங்கள் தீவில் நாள் குறித்தவன் வராமல் போனால் அதற்குப் புயலோ இயந்திரக் கோளாறோ காரணம் இருக்கும். இங்கே 'நாளை' என்பது ஆளை அனுப்பிவைக்கிற ஒரு மரியாதை வார்த்தை என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. இந்தக் கப்பலை நம்பி உட்காரக் கூடாது என்று மட்டும் அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மார்டள்ளிக் கிராமத்துப் பக்கத்திலிருந்து ராகி கொண்டுவந்து தெருவில் விற்கும் ஒரு தமிழ்க்காரி உண்டு. அவள் கூடையைக் காட்டி எல்லாவற்றையும் கொடு என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அத்தனையுமா வேணுங்க அம்மணி? ஊட்டுல கல்யாணமுங்களா?" என்றாள். அவளிடம் ராகியும், ஒரு மண்டிக் கடையின் பின்வாசலில் அரிசியுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சதுர மண்ணெண்ணெய் டின்களைக் கழுவிக் காயவைத்து, நிரப்பி, வாயை மெழுகால் அடைத்துக் கூடத்தில் வரிசையாக அடுக்கினேன். அப்பா கடை மாதிரியே இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்த வீட்டுக்கு நான் வந்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்த மாதிரி. அத்தை, அதாவது என் மாமியார், தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா இது, கட வெக்கப் போறியா? பேடாம்மா, வேணாம். யாராச்சும் பாத்தா என்னத்துக்காகறது?" என்றார். என் கணவர் ஒரு டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ கப்பல்ல பொறந்தவ, விடும்மா" என்று சிரித்தார். அன்று இரவு அந்த அரிசிச் சோற்றை எல்லாரும்தான் சாப்பிட்டோம்.

மழை பொய்த்த அந்த வருஷம் ரேஷன் கடை திறப்பதே நின்றுபோனது. தெருவில் மரவள்ளிக் கிழங்கு அவிகிற வாசனை ஒன்றுதான். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அழுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. காலையில் கூடத்துக் கதவை விரியத் திறந்தேன், வாசலில் பாய் விரித்தேன், தெருப் பெண்களைப் பாத்திரத்தோடு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "நம்ம வீட்டுச் சங்கதி தெருவுக்கு எதுக்கும்மா? கதவச் சாத்திக்கிட்டு ஆக்கினமா, தின்னமான்னு இருக்கணும்!" நான் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு, வாய்க்கு இவ்வளவு என்று அளந்தேன். எங்கள் வீட்டுக்குக் கடைசியில் அளந்தேன். சிலர் அழுதார்கள். மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரியான ராஜம்மா மட்டும் தன் பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றாள். "ஏனம்மா, தண்ணி தூக்கற சிக்கிக்கும் எனக்கும் ஒரே படியா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் அரிசியை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. ரேஷன் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், சாட்சிக்கு ராஜம்மா. அவள் கையில் நான் அளந்து கொடுத்த அரிசி, அதே பாத்திரத்தில், ஒரு பிடிகூடக் குறையாமல் இருந்தது. என் கணவரை ஆபீசிலிருந்து கூட்டி வந்தார்கள். பதுக்கல் கேஸ் என்றால் சர்க்கார் வேலை போகும், ஜெயிலும் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. வாசல் முழுக்கத் தெரு ஜனம். முந்தைய நாள் என் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

"யாருதம்மா இதெல்லா?" என்று இன்ஸ்பெக்டர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"எல்லாருதும்தான். கப்பல் வர்றதுக்கு லேட்டானா எல்லாரும் சாப்பிடறதுக்கு" என்றேன்.

"கப்பலா? எந்தக் கப்பல்ரீ? மைசூருக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் கணவர் முன்னால் வந்தார். குரல் நடுங்காமல், ஆபீசில் பேசுவது மாதிரி பேசினார்.

"சார், அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார். அவங்க எங்க வீட்டு மனுஷங்களே இல்ல. பாரின்லேருந்து வந்திருக்கற தூரத்துச் சொந்தம். வழிக்கு வேணும்னு வாங்கி வெச்சிட்டாங்க. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிடுவாங்க."

அந்தம்மா. நான் சேர்த்த அரிசியைச் சாப்பிட்டவர் சொன்னார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு அட்சதை போட்டவர்கள் அதில் இருந்தார்கள். எவளாவது, இது இவர் பெண்டாட்டி ஆயிற்றே என்று சொல்லிவிடப் போகிறாள் என்று ஒரு பக்கம் பயந்தேன். சொல்ல மாட்டாளா என்று இன்னொரு பக்கம் ஏங்கினேன். ராஜம்மாதான் வாயைத் திறந்தாள். "ஹௌது சார், நெண்டர்தான். வந்து கொஞ்ச நாளாச்சு" என்றாள். ஹௌது என்றால் ஆமாம், நெண்டர் என்றால் உறவுக்காரர். அரிசியைக் காட்டிக்கொடுத்தவள், அந்த வீட்டு ஆண்பிள்ளையின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தெரு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதை எனக்குச் செய்த உபகாரம் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கழுத்தில் தாலி வெளியே கிடந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். யாரும் மூடச் சொல்லவில்லை.

"கப்பல் எப்போம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு மாசம் ஆகும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே அட்டவணை அதுதான்.

கேஸ் எழுதாமல் டின்களை மட்டும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விருந்தாளி பெயர் இதில் எதற்கு என்று வீட்டு ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு, விருந்தாளிக் கார்டு ஒன்று கொடுத்தார்கள். அதற்கு மூன்று மாதம்தான் ஆயுள். நான் போய்விட்டேனா என்று பார்க்கத் திரும்ப வருவேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அன்று சாயங்காலம், "எல்லாம் காகிதத்துலதானே, ஏன் இப்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கற?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, வெறுப்பு வந்தது; ஆனால் ஜெயிலுக்குப் போயிருக்கலாமே என்று அவரிடம் சொல்ல முடியுமா? அவரை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கக்கூடியது என்னுடைய அரிசிதான். கப்பலைத் திருப்பிக்கொண்டு போன கப்டனைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அவன் என் சோற்றைச் சாப்பிட்டவன் அல்ல.

இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம் என்பதால் சில ஏற்பாடுகள் செய்தார்கள். என் கணவர் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். என்னைத் தேடி யாராவது வந்தால் அத்தை, "ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்று சொல்லப் பழகினார். கார்டின் ஆயுள் முடிந்ததும், மற்றவர்கள் பங்கிலிருந்து எனக்குச் சோறு போட்டார்கள். கணக்குப் பார்க்காமல் போட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால், எப்போது கிளம்புகிறேன் என்று ராஜம்மா அக்கறையாக விசாரிப்பாள்: "யாவாகம்மா ஊருக்கு? கப்பல் கிடைச்சுதா?" அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் கேட்பாள். போகப்போக அவளுக்கே எது உண்மை என்பது மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அப்பாவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. சுதந்திர நாட்டில் பேரன் எப்போது பிறப்பான் என்று ஒவ்வொரு கப்பலிலும் கேட்டு எழுதுகிறார்.

இன்ஸ்பெக்டர் வரவே இல்லை. இப்போது கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள்; அரிசி மூட்டைகளை மண்டி மொஹல்லாவில் தெருவிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் எவ்வளவும் வாங்கலாம். ரேஷன் கார்டுக்கே வேலையில்லை. இனிமேல் நான் யாருக்கும் விருந்தாளியாக இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

இந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள் சமையலறையில் வட்டமாக உட்கார்ந்து தட்டில் சாப்பிடுவார்கள். மிச்சம் மீதியை வழித்துப் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு வெகுநேரம் சாப்பிடுவார்கள். விருந்தாளிக்குக் கூடத்தில், முதலில், இலையில். ஜீப் வந்த நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் நடந்தது. நேற்று மத்தியானம் ஆண்கள் எழுந்தபின் நானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாத்தனார் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இடம் போதாததால் அல்ல, மரியாதைக்கு. அத்தை பதறி எழுந்து வந்தார். அவர் முகத்தில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அய்யய்யோ, நீங்க ஏம்மா இங்க உக்காந்துட்டீங்க? ஏந்திரிங்க, ஏந்திரிங்க. கூடத்துல எல போட்டிருக்கு பாருங்க" என்றார்.

எழுந்து போய் உட்கார்ந்தேன். சோறு சூடாக இருந்தது. நெய்யும் போட்டார்.