முருகன் காட்டிய பூப்பொட்டலம்

நாலே நாலு மார்க். போன மே மாதம் என் உயிரை வாங்கியது அந்த நாலு மார்க்தான்.

என் பெயர் செல்வி. ஊர் வடகரை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அங்கே அமைப்பாளர் வேலை காலியானது. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் எனக்கே கிடைக்கும், ஆனால் வயது நாற்பதைத் தாண்டக் கூடாது என்றார்கள். எனக்குக் கார்த்திகை வந்தால் நாற்பது முடிந்துவிடும். பதினாறு வயதில் சமூக அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவள் நான். அதைத் தனித்தேர்வராக மறுபடி எழுதினேன். மகள் போனில் ரிசல்ட் பார்த்துச் சொன்னாள்: முப்பத்தொன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து.

படிக்காமல் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். நான் கைடை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உருப்போட்டவள். சின்ன வயதில் முருகன் பாட்டை எப்படி மனப்பாடம் செய்தேனோ, அப்படியே ராகம் போட்டுப் படித்தேன். என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. அவர் கேட்டார்: "ஐந்தருவியில தண்ணி கொட்டுததே தென்மேற்குப் பருவக்காத்தாலதான். ஏட்டி, அதைக் கேட்டதுக்கா எழுதாம வந்திருக்கே?" என் கையில் கரண்டி இருந்தது. அவர் தூரத்தில் நின்றார். தப்பித்தார்.

மூன்று நாள் முருகன் படத்துக்கு விளக்கேற்றவில்லை. உன்னைக் கும்பிட்டு என்னத்தைக் கண்டேன் என்று வாய்விட்டே திட்டினேன். ஜூலையில் துணைத்தேர்வு இருந்தது. இன்னொரு தடவை தோற்றால் ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்? எழுதவே வேண்டாம் என்று முடிவு கட்டினேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் மைனி என்பேன். அவர்தான் வந்து அதட்டினார். "எழுதவா வேண்டாமான்னு நீயா ஏன் மண்டையைப் போட்டு உடைக்க? மலைக்கு வா. பூக்கட்டிப் பாத்திருவோம்."

கிருத்திகையன்று முருகன் கோயில் இருக்கிற மலை ஏறினோம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி முருகன் முன்னால் வைத்தோம். சிவப்பு வந்தால் எழுது, வெள்ளை வந்தால் விடு. சாமி கும்பிட வந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். நானே பிரித்தேன். சிவப்பு.

மைனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. சந்நிதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எழுதச் சொல்லிட்டே. எப்படி எழுத? அதையும் நீயே சொல்லு. சொல்லாம நான் படி இறங்க மாட்டேன்," என்று அவனிடம் மல்லுக்கு நின்றேன்.

மடியில் அந்த வாழையிலை கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கிற வரைக்கும் உள்ளே என்ன பூ என்று தெரியாது. வினாத்தாளும் இப்படித்தானே வந்தது? அது முதல் வரியிலிருந்தா கேட்டது? பாடத்தின் நடுவிலிருந்து பருவக்காற்றைக் கேட்டது. நானோ அந்த இடத்துக்கு வர, இந்தியாவின் அமைவிடத்திலிருந்து மனசுக்குள் ராகம் போட்டுக்கொண்டே வந்தேன். பாதியில் ஒரு வரி மறந்தது. மறுபடி முதலிலிருந்து. அப்படியே மணி அடித்துவிட்டார்கள்.

"மைனி, நீங்க தினம் பாடுத பாட்டுல நடுவுல இருந்து ஒரு வரி சொல்லுங்க," என்றேன். மைனி முதல் வரியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீரும் நிற்கவில்லை. கேட்டேன், சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் உள்ள கேள்விகளைத் துண்டுத் தாள்களில் எழுதினேன். மடித்துத் தூக்குச்சட்டியில் போட்டேன். தினமும் காலையில் விளக்கேற்றி, முருகா என்று கண்ணை மூடி ஐந்து பொட்டலம் எடுப்பேன். புத்தகத்தைத் தொடாமல் பதிலை எழுதுவேன். எழுதிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்து திருத்துவேன். தப்பானது மறுபடி சட்டிக்குள். சரியானது ஒரு வாரம் டப்பாவில் கிடந்துவிட்டு அதுவும் சட்டிக்கே திரும்பும், ஏனென்றால் என் மறதி எனக்குத் தெரியும். வேலைக்குப் போகும்போதும் இரண்டைச் சேலையில் முடிந்துகொள்வேன். உலை கொதிக்கும் நேரத்தில் பிரித்துப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற சமையல்கார அக்காவிடம் பதில் சொல்வேன். "எனக்கே மனப்பாடம் ஆயிட்டு, நீ இன்னும் தடுமாறுதியே," என்பாள்.

முதல் வாரம் ஐந்துக்கு ஒன்றுதான் தேறியது. பழைய செல்வியாக இருந்தால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் எனக்கு எது தெரியவில்லை என்பது இப்போது பரீட்சைக்கு முன்னாலேயே தெரிந்தது. கள்ளத்தனமும் செய்தேன். மடிப்பைத் தடவியே எந்தக் கேள்வி என்று கண்டுபிடித்து, தெரிந்ததாகப் பார்த்து எடுத்தேன். மகள் கையும் களவுமாகப் பிடித்தாள். "எம்மா, முருகன்ட்டயே ஏமாத்துதியா?" என்று எல்லாவற்றையும் புதிதாக மடித்துப் போட்டாள். அதன்பிறகு ஒழுங்காக எடுத்தேன். பருவக்காற்றுப் பொட்டலம் மட்டும் திரும்பத் திரும்பச் சட்டிக்கே போனது.

பரீட்சையன்று தென்காசியில் நல்ல சாரல். நனைந்த சேலையோடு போய் உட்கார்ந்தேன். வினாத்தாளைப் பிரித்தேன். முருகா, இதுவும் உன் பொட்டலம்தான் என்றேன். கேட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். பேனா நிற்கவில்லை. பருவக்காற்றைக் கேட்கவே இல்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிட நிம்மதியை என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

எழுபத்திரண்டு மார்க். ஐப்பசியில் அமைப்பாளராகக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் முழுக்க அல்வா கொடுத்தார். மைனி மகள் இந்த வருடம் பத்தாவது. தூக்குச்சட்டி இப்போது அவள் வீட்டில் இருக்கிறது.

பரீட்சை என்றால் பயமா? அவன் காலைப் பிடித்துத் தைரியமாகக் கேளுங்கள். கேட்ட பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். கைவிட மாட்டான். நானே சாட்சி.

வேலை கிடைத்த வாரம் மறுபடி மலை ஏறினோம். மைனி ஆசையாக, "இன்னொரு தடவை பூக்கட்டிப் பாப்பமா?" என்றார். வேண்டாம் என்றேன். சட்டியில் கடைசி வரை தேறாத ஒரே பொட்டலத்தை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன், அதைச் சந்நிதியில் பிரித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று. வெளியே ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்தது. முருகனைப் பார்த்து, நடுவிலிருந்தே தொடங்கி, ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தேன்.