பரமபதத்தை மேடையேற்றினோம்

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அந்தப் பரமபத அட்டை வெகுநாள் பிரிக்கப்படாமல் எங்கள் சுகாதார நிலையத்துப் பீரோவின் மேல் கிடந்தது. விழிப்புணர்வு விளையாட்டு என்று அதற்குப் பெயர். ஏணிகளின் அடியில் இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, மாதப் பரிசோதனை என்று அச்சிட்டிருந்தார்கள். பாம்புகளின் வாயில் இளவயதுக் கல்யாணம், வீட்டுப் பிரசவம், சொல் கேளாமை. கர்ப்பிணிகள் காத்திருக்கும் நேரத்தில் ஆடட்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பெஞ்சின் மேல் விரித்தது நான்தான்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். சொந்த ஊர் கீழே, ராசிபுரம் பக்கம். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடம் ஆகிறது. மலைப் பெண்கள் அந்த அட்டையை ஆடிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பாம்பு கடித்தால் கூச்சல் போடுவார்கள். ஏணி ஏறினவளைப் பக்கத்தில் இருப்பவள் முதுகில் அடிப்பாள். இரத்தம் எடுக்கக் கையை நீட்டச் சொன்னால் ஒளிந்துகொள்கிறவர்கள்கூட ஆட்டத்துக்காகச் சீக்கிரம் வந்தார்கள்.

அதனால், மருத்துவ முகாமில் ஒவ்வொரு நிலையமும் ஒரு கலைநிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். “சார், பரமபதத்தையே நாடகமாப் போடலாம். முழுக்கப் பாட்டோட.”

டாக்டர் சிரித்தார். ஆனால் எங்கள் லேப் டெக்னீசியன் உடனே பிடித்துக்கொண்டார். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். “சிஸ்டர், நீங்க வரிய எழுதுங்க. மெட்டு என் பொறுப்பு” என்றார்.

ஒரு மாதம் அதே வேலையாக இருந்தோம். தார்ப்பாயில் கட்டம் வரைந்து தரையில் விரித்துப் பார்த்தோம். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கட்டமும் தெரியவில்லை. பிறகு பெஞ்சுகளை ஐந்து படியாக அடுக்கி, படிக்கு ஆறு கட்டம் என்று முப்பது கட்டமாகக் குறைத்தோம். மிளகு பறிக்க வைத்திருக்கும் ஒற்றை மூங்கில் ஏணிகள் இரண்டைக் கேட்டு வாங்கினோம். பழைய சேலைகளை நீளமாக ஒட்டித் தைத்துப் பாம்பு செய்தோம். ஒவ்வொரு பாம்புக்குள்ளும் ஐந்து பெண்கள். சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பகடையாக்கினோம். ‘ஒண்ணு விழுந்தா ஊசி போடு, ரெண்டு விழுந்தா ரத்தம் பாரு’ என்று எண்ணுக்கு ஒரு பாட்டு எழுதினேன். கர்ப்பிணி வேடம் கட்டிய இரண்டு பேர்தான் ஆட்டத்தின் காய்கள். ஒருத்தி கடைசிக் கட்டம் போய்க் குழந்தையோடு நிற்பாள். இன்னொருத்தியைப் பாம்பு விழுங்கும்.

முதல் ஒத்திகைகளில் பகடையை நிஜமாகவே உருட்டினோம். ஒருநாள் நாலே வீச்சில் ஆட்டம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் யாரும் மேலே போகவே இல்லை. சேலைக்குள் குனிந்து நின்ற பெண்களுக்கு இடுப்பு போய்விட்டது. அன்றைக்குப் பார்க்க வந்திருந்த டாக்டர் தலையை ஆட்டினார்.

“இது சரி வராதும்மா. எண்ணு விழுந்ததால பாம்பு கடிச்சுதுன்னா ஜனங்க என்ன புரிஞ்சுக்குவாங்க? அவ சொன்ன பேச்சக் கேக்கல, அதனால கடிச்சுதுன்னு இருக்கணும்.”

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. விழ வேண்டிய எண்களை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். பகடை எப்படி விழுந்தாலும் பாடுகிறவர்கள் நான் எழுதிய எண்ணைத்தான் பாடுவார்கள். பாம்பு விழுங்கும் பெண்ணுக்கு இருபத்து நாலாம் கட்டம்.

நடிக்க வந்தவர்கள் அரியூர் நாட்டு மகளிர் குழுப் பெண்கள்; மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர். அந்தக் குழுவில் நன்றாகப் பாடக்கூடிய ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயது இருக்கும். சாமை, மரவள்ளி பயிரிடும் குடும்பம். அவருடைய குரல் நடவு நடும்போது மேட்டு ரோடு வரை கேட்கும். அவரை நான் கூப்பிடவில்லை. கூப்பிடத் தைரியம் இல்லை. அதற்கு மூன்று வருடம் முன்பு அவருடைய மகள், இருபது வயதுப் பெண், முதல் பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். என் பகுதிப் பெண். மாதாமாதம் நான் வயிற்றில் கைவைத்துப் பார்த்த பெண்.

அந்த அக்கா தானாகவே வந்தார். “அந்தப் பாம்பு முழுங்கற புள்ள வேசத்த நான் கட்டறனுங்க, நர்சம்மா” என்றார்.

நான் திகைத்துப்போய், “வேண்டாங்கக்கா, நீங்க கோரஸ்ல பாடுங்க” என்றேன்.

“இல்லீங்க. அத நாந்தான் செய்யோணும்.”

நான் மறுக்கவில்லை. துக்கத்தை இப்படி ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் இன்னொன்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நடந்தது தங்கள் தவறுதான் என்று அந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

அந்தப் பெண் இறந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம், விடாத மழை. விடிந்ததும் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது, தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம், பஸ் நிற்கும் நிழற்குடையில் இருக்கிறோம் என்றார். எங்களிடம் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வண்டி விடிவதற்கு முன்பே வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு நாமக்கல் போயிருந்தது. திரும்பி அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வர வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், “வண்டி வருதுங்க, அங்கயே இருங்க” என்றேன். பதறுகிறவர்களிடம் நாங்கள் எப்போதும் சொல்வதுதான் அது. வண்டி போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. தாயும் பிள்ளையும் போய்விட்டிருந்தார்கள்.

பிரசவ மரணத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். தாமதம் யாரால் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. “குடும்பத்தார்னு போட்டுருங்கம்மா. வண்டின்னு எழுதினா கீழ இருந்து மேல வரைக்கும் எல்லாரும் பதில் சொல்லணும்” என்றார் அப்போதிருந்த அதிகாரி ஒருவர். ‘ஆலோசனை கூறியும் குடும்பத்தார் உரிய நேரத்தில் வர மறுத்தனர்’ என்று நான் எழுதினேன். அவர் சொன்னார் என்பது உண்மை. எழுதியது என் கை.

நாடகத்துக்குப் பாட்டு எழுதியபோதும் அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எழுதினேன் என்று இப்போது புரிகிறது. ‘சொன்ன பேச்சக் கேக்கலையே, சோறு பொங்கி நின்னாளே, வான்னு சொன்ன நேரமெல்லாம் வாசப்படி தாண்டலையே.’ ஒத்திகையில் இந்த வரிகளை முதன்முதலாகப் பாடிக் காட்டியபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது ஆரு கதைங்க?” என்று கேட்டார்.

“பொதுவா எழுதினதுங்க” என்றேன்.

அதன்பிறகு அவர் அந்தப் பாட்டுக்கு வாய் மட்டும் அசைத்தார், குரல் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று லேப் டெக்னீசியன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

முகாம் அரியூர் நாட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. மாலை நாலு மணி, நல்ல வெயில். நாமக்கல்லிலிருந்து அதிகாரிகள் மூன்று பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்னால் தரையில் ஊர் ஜனம். நாடகம் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. பகடைப் பெட்டி உருண்டதும் பிள்ளைகள் எண்ணைக் கத்தினார்கள். முதல் பெண் ஏணி ஏறியபோது விசில் பறந்தது. நான் மேடை ஓரத்தில் எண் எழுதிய தாளோடு நின்றேன்.

அக்கா வயிற்றில் துணிப்பொதி கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஏறி வந்தார். இருபத்து நாலில் வந்து நின்றார். சேலைப் பாம்பு வாயைப் பிளந்தது. ‘சொன்ன பேச்சக் கேக்கலையே’ என்று கோரஸ் தொடங்கியது. அவர் சரிந்து பாம்பின் வாய்க்குள் விழ வேண்டும். விழவில்லை. கோரஸ் இரண்டாம் முறை பாடியது. மறந்துவிட்டார் என்று நினைத்து லேப் டெக்னீசியன் மெட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். அக்கா கைநீட்டிப் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தார்.

“நாங்க சொன்ன பேச்சக் கேட்டமுங்க” என்றார்.

கீபோர்டு நின்றது.

“ரோட்டுக்கு வரச் சொன்னாங்க, வந்தமுங்க. அங்கயே இருன்னாங்க, இருந்தமுங்க. ஒரு மரவள்ளி லாரி வந்துச்சுங்க. டிரைவரு எறங்கி வந்து, பின்னால சாக்க விரிச்சுப் போடறன், புள்ளய ஏத்துங்கன்னாரு. நாந்தானுங்க வேண்டான்னன். வண்டி வருதுன்னு நர்சம்மா சொல்லியிருக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டன். அப்பறம் வெகுநேரங் கழிச்சு ஒரு பால் வண்டி வந்துச்சு. அதுக்குள்ள எம் புள்ளைக்குக் கண்ணு சொருகிப்போச்சு. இத எந்தக் கட்டத்துல வெச்சிருக்கறீங்க?”

லாரி வந்ததை அந்த நிமிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மூன்று வருடமாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் இருந்த தாளை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

பாம்புக்குள் இருந்த பெண்கள் சேலையைத் தூக்கிவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லாரும் அக்காவின் ஊர்க்காரர்கள். அந்தத் தூளியைத் தூக்கியவர்களில் இருவர் அவர்களுக்குள் இருந்தார்கள்.

முன்வரிசையில் ஓர் அதிகாரி டாக்டரிடம் குனிந்து, “இது ஸ்கிரிப்ட்ல இருக்கா?” என்று கேட்டார். டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாம் சார்” என்றார்.

“ரொம்ப தத்ரூபம்” என்று சொல்லிவிட்டு அவர் கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். ஊர் ஜனம் தட்டவில்லை. அக்கா வயிற்றுப் பொதியை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து போனார். மீதி ஆறு கட்டம் ஆடாமலே நன்றியுரை சொல்லப்பட்டது.

எட்டு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பு போக முடியவில்லை. அவர் முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவர் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“மேடையில கேக்கோணும்னு நெனச்சா வந்தீங்க அக்கா?” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“இல்லீங்க. எம் புள்ள கதைய நாலு பேருக்குச் சொல்லப் போறீங்கன்னு நெனச்சன். அவ பட்டத வேற ஆராச்சும் நடிச்சா என்னால பாக்க முடியாதுன்னுதான் கேட்டு வாங்குனன். பாட்டக் கேட்டப்பறந்தானுங்க தெரிஞ்சுது, எங்க மேல இப்படிப் பழி போட்டு வெச்சிருக்கறீங்கன்னு. காயிதத்துல என்ன எழுதுனீங்கன்னு எங்களுக்கு ஆரும் படிச்சுக் காட்டலையே.”

பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்தேன். அதை வெளியே கொண்டு வரக் கூடாது. கொண்டு வந்திருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். ‘வர மறுத்தனர்’ என்ற இடத்தில், புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. “இன்னொருக்கா படிங்க” என்றார். படித்தேன்.

“வண்டி இல்லாததுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்றார். “இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா லாரில ஏத்தியிருப்பன். பொழைச்சிருப்பாளோ என்னமோ, அது தெரியாது. ஏத்தியாச்சும் இருப்பனுங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார். அவர் கணவர் மட்டும், “அந்தக் காயிதத்த மாத்த முடியுமுங்களா?” என்று கேட்டார். எழுதிப் பார்க்கிறேன் என்றேன்.

எழுதினேன். நடந்தது இது, நான் பொய்யாக எழுதினேன், திருத்த வேண்டும் என்று இரண்டு பக்கம். முடித்த கோப்பைத் திறப்பதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இதுல முதல்ல மாட்டறது நீங்கதாம்மா, புரியுதா?” என்றார். புரிந்தது. மறுபடி எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. என்மேல் நடவடிக்கையும் இல்லை. யாரும் எதையும் திறக்க விரும்பவில்லை.

லேப் டெக்னீசியன் சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, “அன்னைக்கு நான் மெட்ட வாசிச்சிட்டே இருந்தேனே சிஸ்டர்” என்றார்.

போன ஆவணியில் ஒரு காலை, வேறொரு ஊரிலிருந்து ஒருவர் மனைவிக்கு வலி என்று போன் செய்தார். வண்டி கீழே இருந்தது. “வண்டி இல்லீங்க. எது கிடைக்குதோ அதுல ஏத்திட்டுச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் அங்க நிக்கறேன்” என்றேன். ஒரு ஜீப்பில் வந்தார்கள். பெண் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. வண்டி இல்லை என்று பொதுமக்களிடம் சொன்னது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. வண்டி இல்லை, அதனால் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.